உப்புக்கு மேலே ஒரு சாண் தண்ணீர்

குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில், வண்டிகள் திரும்பும் வளைவுக்குச் சற்று முன்னால் ரூபியின் பழக்கடை. சீசனில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்பாள். சீசன் ஓய்ந்ததும் நேந்திரம் சிப்ஸ். அவளுடைய வாய்க்கு மட்டும் சீசன் கிடையாது, பன்னிரண்டு மாசமும் கொட்டும் என்று அடுத்த கடை வடிவம்மாள் சொல்லுவாள். வடிவம்மாள் கடையில் துண்டு, சோப்பு, சீயக்காய்ப் பொட்டலம், எண்ணெய். அவள் புருஷன் சங்கரநாராயணன், அருவிக்குப் போகிறவர்களைப் பாறையில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். அவர் கை பட்டு எழுந்தவர்கள் அருவிக்கு நேராக நடக்காமல் கொஞ்சம் சாய்ந்துதான் நடப்பார்கள்.

ரூபி இந்த ஊர்க்காரி இல்லை. ராமேசுவரம் தீவின் தென்கரையில் சிப்பித்துறை என்று ஒரு சின்னத் துறைமுகக் கிராமம், அங்கே பிறந்தவள். அவள் புருஷன் கிங்ஸ்லி அந்தக் காலத்தில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து தீவுக்குக் காய்கறி லோடு கொண்டுபோவார். அங்கே அந்தோணியார் கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்து, ஆள் அனுப்பி, முறையாகப் பெண் கேட்டுத்தான் கட்டினார். கத்தரிக்காய்ச் சாக்குக்கு நடுவில் ஒளிந்து வந்தாள் என்று வடிவம்மாள் கிளப்பிவிட்டதில் உண்மை கிடையாது.

கல்யாணமாகி வந்த முதல் மாசம் நல்ல சாரல். அருவிகள் ஐந்தும் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தன. சொந்தக்காரர்கள், அக்கம்பக்கத்தார் என்று ஆளாளுக்கு அவளைக் கூட்டிப்போய் அருவி முன்னால் நிறுத்தி, இப்படித் தண்ணியை உங்க ஊர்ல பாத்திருக்கியா என்று கேட்டார்கள். தீவிலிருந்து வந்த பெண், பாவம், நல்ல தண்ணி காணாதவள் என்று ஒரு இரக்கம் வேறு. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எங்க ஊர்ல கடற்கரை மணலைக் கையால் தோண்டினால் போதும், குடிக்கிற தண்ணீர் வரும் என்றாள். அலைக்குப் பக்கத்திலேயே வரும் என்றும் சொன்னாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். கடலுக்குப் பக்கத்தில் கையால் தோண்டினால் நல்ல தண்ணீராம். வடிவம்மாள் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி சரிந்து பாதி போய்விட்டது. அவ்வளவு சிரிப்பு.

ரூபிக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த வாரம் தென்காசி கோயிலுக்குக் கூட்டிப்போய், கோபுர வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்றையும் காட்டி, இவ்வளவு உசரம் உங்க ஊர்ல உண்டுமா என்று கேட்டபோது, எங்க ஊர் லைட் ஹவுஸ் இதைவிட ரெண்டு மடங்கு, மேலே நின்றால் இலங்கையில் துணி காயப்போட்டிருப்பது தெரியும் என்று சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஊதிச் சொன்னால் நம்புகிறார்கள் என்பதை அவள் அந்தக் கோபுரக் காற்றில் நின்றுதான் தெரிந்துகொண்டாள்.

அதன் பிறகு சிப்பித்துறை வருஷா வருஷம் வளர்ந்தது. அந்தோணியார் கோயில் மணி போர்ச்சுக்கல்லிலிருந்து கப்பலில் வந்தது. மணியடித்தால் மீன்கள் கரைக்கு வரும். துறைமுகத்தில் கப்பல்கள் ஐந்தருவிக்கு வண்டி நிற்கிற மாதிரி வரிசையில் நிற்கும். இங்கே வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், அங்கே அலை வந்து கோயில் படியை முத்தமிட்டுவிட்டுப் போகும். பழம் நிறுக்கிற நேரத்தில் சொல்லுவாள். கேட்கிற வெளியூர்க்காரர்களும் தராசைப் பார்க்க மறந்துவிடுவார்கள்.

ஒரு காரியம் மட்டும் நடக்காத வரைக்கும் இதில் ஆபத்து இல்லை. அது போன மாசியில் நடந்தது.

மாசியில் அருவி நூலாகிவிடும். பாறை வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். அப்போதுதான் கடைக்காரர்கள் வேன் பிடித்து எங்காவது போய்வருவார்கள். ஊரெல்லாம் வந்து எங்களைப் பார்க்கிறதே, நாங்களும் ஒரு ஊரைப் பார்த்துவிட்டு வருகிறோமே என்கிற கணக்கு. எப்போதும் கன்னியாகுமரி, இல்லையென்றால் வேளாங்கண்ணி. இந்த முறை வடிவம்மாள் அடித்துச் சொல்லிவிட்டாள். போனால் ரூபி ஊர்தான்.

ரூபி என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மாசியில் காற்று சரியில்லை என்றாள். பாலத்தில் வேலை நடக்கும் என்றாள். கன்னியாகுமரியில் சூரிய உதயம் இந்த வருஷம் ரொம்ப நன்றாக இருக்கிறதாம் என்றுகூடச் சொன்னாள். ஒன்றும் எடுபடவில்லை. வீட்டுக்கு வந்து கிங்ஸ்லியிடம், நீங்களாவது வேண்டாமென்று சொல்லக்கூடாதா என்று கேட்டாள்.

"நீ சொல்லுத ஊரை நானும் பாக்கணும்லா," என்றார் கிங்ஸ்லி. "நான் போனப்போ அந்த ஊரு அங்கன இல்ல."

அன்றைக்கு அவருக்கு ஆறிப்போன சோறுதான்.

அவள் ஊருக்குப் போய் வருஷங்களாகிவிட்டன. அப்பா அம்மா போன பிறகு, அண்ணன் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டான். வீடும் கைமாறிவிட்டது. லைட் ஹவுஸ் எவ்வளவு உயரம் என்று அவளுக்கே இப்போது சரியாக ஞாபகமில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில், சொன்னதுதான் ஞாபகத்தில் நின்றது.

நாசருடைய வேன் கிழக்கு வெளுக்கும்போது கிளம்பியது. நாசர் தென்காசிக்காரர். பொங்கலுக்குத்தான் சீட்டுகளுக்கெல்லாம் புதுக் கவர் தைத்துப் போட்டிருந்தார், நல்ல மாதுளம்பூ நிறத்தில். சாப்பாட்டுச் சட்டியை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். தூத்துக்குடி தாண்டி உப்பளங்கள் வந்தபோது எல்லோரும் பாட்டை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார்கள். ரூபி பார்க்கவில்லை. பாம்பன் பாலத்தில் வேன் ஏறி, இரண்டு பக்கமும் பச்சையும் நீலமுமாகக் கடல் விரிந்தபோது வடிவம்மாள் வாயைப் பிளந்துவிட்டாள். இதுவரைக்கும் பாஸ் என்று கிங்ஸ்லி மெதுவாக ரூபி காதில் சொன்னார்.

சிப்பித்துறைக்குள் வேன் திரும்பியது. பனைகள், ஓட்டு வீடுகள், காயப்போட்ட வலைகள், கடலில் பத்திருபது நாட்டுப்படகுகள்.

"ஏட்டி, லைட் ஹவுஸ் எங்கன?" என்றாள் வடிவம்மாள்.

ரூபி கையை நீட்டினாள். எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். சங்கரநாராயணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அந்தத் தண்ணித்தொட்டிக்குப் பின்னாலயா?" என்று கேட்டார்.

"தண்ணித்தொட்டி இல்ல அண்ணாச்சி. அதான்."

பக்கத்தில் நின்ற பனை அந்த லைட் ஹவுஸைவிட ஒரு முழம் உசத்தி.

"கோபுரத்தைவிட ரெண்டு மடங்குன்னு சொன்னது ஆரு?"

"சின்னப்பிள்ளையில பாத்தது, யக்கா. பெருசாத் தெரிஞ்சிருக்கும்."

"நீ கல்யாணமாகி வாறப்போ சின்னப்பிள்ளையாட்டி?"

சிரிப்பு பின் சீட்டிலிருந்து முன் சீட்டு வரைக்கும் வந்தது. ரூபியும் சிரித்து வைத்தாள். கோயிலுக்குப் போனார்கள். மணியின் விளிம்பில், தூத்துக்குடி வியாபாரி ஒருவர் உபயம் என்று நல்ல தமிழில் பொறித்திருந்தது. போர்ச்சுக்கல்லில் தமிழ் நன்றாகத்தான் எழுதுகிறார்கள் என்றார் சங்கரநாராயணன்.

கடைசியாகத் துறைக்குக் கூட்டிப்போனாள். கூரையில்லாத நான்கு சுவர், அதில் ஒரு ஆடு கட்டிக்கிடந்தது. தண்ணீருக்குள் தலைநீட்டிக்கொண்டு சில கல்தூண்கள். இதுதான் சுங்கக் கச்சேரி, அந்தக் காலத்து கஸ்டம்ஸ் ஆபீஸ், இங்கிருந்துதான் கருவாடும் ஓடும் ஏற்றிக்கொண்டு தோணிகள் கொழும்புக்குப் போகும், அறுபத்துநாலு புயலில் பாதி ஊர் மணலுக்குள் போயிற்று, கைக்குழந்தையாக இருந்த எங்கப்பாவை மீன்கூடைக்குள் வைத்து மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று சொன்னாள். இதில் ஒரு வார்த்தைகூட அவள் சேர்த்ததில்லை. ஆனால் அதற்குள் கூட்டம் அவள் எதைச் சொன்னாலும் சிரிக்கிற பதத்துக்கு வந்துவிட்டிருந்தது. அந்த ஆடும் போர்ச்சுக்கல் ஆடா என்று யாரோ கேட்டார்கள்.

இருந்ததைச் சொன்னால் எங்கே என்று கேட்கிறார்கள். காட்டுவதற்கு ஆடுதான் இருக்கிறது. ரூபி தூணையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பாவை மீன்கூடையில் தூக்கிப்போனதும் இப்போது லைட் ஹவுஸோடு சேர்ந்து பொய்க் கணக்கில் போய்விட்டது. இனி ஐந்தருவிப் பாதையில் அவள் வாய் திறந்தால் வடிவம்மாள் தண்ணித்தொட்டி என்று ஒரு வார்த்தை சொல்லுவாள், அதோடு தீர்ந்தது.

அப்படி நின்றுவிட்டதில்தான் அவள் பின்னால் நடந்ததைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் தடுத்திருப்பாள்.

குற்றாலத்துக்காரர்களுக்குக் குளியல் என்றால் முதலில் எண்ணெய். அது எந்தத் தண்ணீராக இருந்தாலும் சரி. வடிவம்மாள் கடையிலிருந்து ஒரு கேன் நல்லெண்ணெயும் சீயக்காய்ப் பொட்டலங்களும் வேனிலேயே வந்திருந்தன. சங்கரநாராயணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்களை ஒவ்வொருவராகப் படகடியில் உட்காரவைத்துத் தேய்த்தார். சும்மா சொல்லக்கூடாது, காசு வாங்காமல் தேய்த்தாலும் அதே அழுத்தம்தான். பெண்கள் அந்தப் பக்கம் ஒருத்தருக்கொருத்தர் உச்சந்தலையில் வைத்துப் பளபளவென்று ஆகிவிட்டார்கள். பிறகு பழக்கதோஷம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று கடலைப் பார்த்து வரிசையில் நின்றார்கள்.

வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து வந்து, யாராவது தலைவர் வருகிறாரா என்று வடிவம்மாளிடம் விசாரித்தார். முன்னால் உள்ளவர்கள் குளித்துவிட்டு வரட்டும் என்று காத்திருக்கிறோம் என்றாள் அவள். அவர் வரிசையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் பத்தும் ஆத்தா, எறங்குங்க," என்றார்.

இறங்கினார்கள். தலையில் விழும் என்று குனிந்து நின்றவர்களை அலை முழங்காலில் அடித்து உட்காரவைத்தது. கத்தலும் கும்மாளமும் அரை மணி நேரம். பிறகுதான் சோப்பை எடுத்தார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. சீயக்காய் தலையில் எண்ணெயோடும் உப்போடும் சேர்ந்து களியாகிவிட்டது. கரையேறினால் காற்று மணலை வாரிக் கொட்டியது. எள்ளில் புரட்டிய அதிரசம் மாதிரி ஒரு வேன் நிறைய ஆட்கள் கரையில் நின்றார்கள்.

நாசர் இதையெல்லாம் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வந்து வேன் கதவை மூடி, முன்னால் நின்றுகொண்டார். நல்ல மனுஷன்தான். ஆனால் புதுக் கவர். "இந்தக் கோலத்துல ஒரு ஆளு ஏறினாலும் வண்டி நவுராது," என்றார். "தென்காசிக்கு நடந்து வாங்க. நான் பின்னாலயே மெதுவா வாறேன்."

ஊருக்குள் ஓடினார்கள். குழாயில் காற்று வந்தது. தண்ணீர் லாரி நாளைக்குத்தான் என்றார்கள். இருக்கிற குடத்துத் தண்ணீரைக் குடிக்கத் தருகிறோம், குளிக்கக் கேட்காதீர்கள் என்றார்கள். அருவிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள், கழுவத் தண்ணீர் கிடைக்காது என்கிற சங்கதியை முதல்முதலாக உடம்பில் வாங்கினார்கள். யாருக்கும் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வைத்த இடத்தில் ஒட்டியது.

அப்போதுதான் வடிவம்மாளுக்கு ஞாபகம் வந்தது. நெற்றியில் வழிந்த சீயக்காயைப் புறங்கையால் தள்ளிக்கொண்டு, "ஏட்டி ரூபி, மண்ணைக் கையால தோண்டுனா நல்ல தண்ணி வரும்னு சொன்னியே, தோண்டு பாப்போம்," என்றாள்.

மணலுக்குள்ளிருந்து எல்லோரும் சிரித்தார்கள். ரூபி சிரிக்கவில்லை. இது ஒன்றாவது நிற்க வேண்டும். ஆனால் கரை இத்தனை வருஷத்தில் எவ்வளவோ மாறியிருந்தது. தண்ணீர் அதே இடத்தில் இருக்குமா, யாருக்குத் தெரியும்.

அலை ஏறிவந்து நிற்கிற கோட்டைத் தாண்டி, அடம்புக்கொடி படர்ந்திருந்த மணல்மேட்டின் அடிவாரத்துக்கு நடந்தாள். கொடியின் இலையைத் தொட்டுப் பார்த்தாள். மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

சங்கரநாராயணனுக்கு அது பார்க்கப் பொறுக்கவில்லை. படகுக்காரர்களிடம் மண்வெட்டி வாங்கி வந்து, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பக்கத்திலேயே ஒரு குழியை வெட்டினார். அவர் ஊர்ப்பக்கம் யார் வீட்டுக் கிணறு எவ்வளவு ஆழம் என்பதுதான் பெருமை. போர் போட்டால் இன்னும் நூறு அடி போயிருக்கலாம் என்றுதான் பேசிக்கொள்வார்கள். இடுப்பளவு இறங்கியதும் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். வடிவம்மாள் ஒரு கை அள்ளி வாயில் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் துப்பினாள். தனி உப்பு.

கூட்டம் ரூபியைப் பார்த்தது. அவள் குழியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான் தோண்டியிருந்தாள். ஓரம் சரியாமல் உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அடியில கிடக்கது கடலு, அண்ணாச்சி," என்றாள். "மழைத்தண்ணி அதுக்கு மேல, பால்ல ஆடை மாதிரி படுத்துக் கிடக்கும். எழுப்பாம எடுக்கணும்."

குழியின் அடியில் மணல் கருத்தது. கருப்பு மினுங்கியது. ஒரு விரற்கடை தண்ணீர் ஊறி, கலங்கலாக நின்றது. ரூபி அதைக் கரையில் கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையால் வழித்து வெளியே ஊற்றினாள். மறுபடி ஊறியது, அதையும் ஊற்றினாள். வீணாக்குதாளே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மூன்றாவது தடவை ஊறிய தண்ணீரில் வானம் தெரிந்தது. சிரட்டையில் முகந்து வடிவம்மாளிடம் நீட்டினாள்.

வடிவம்மாள் முதலில் நாக்கு நுனியை வைத்தாள். பிறகு ஒரு மடக்கு. பிறகு முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொரு சிரட்டை முகந்து அதையும் குடித்தாள். சுற்றி நின்றவர்களுக்குப் பொறுமை போயிற்று.

"ஏட்டி," என்றாள் கடைசியில், "இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"வந்த முத மாசமே சொன்னேன், யக்கா."

வடிவம்மாள் சட்டென்று திரும்பிக் கூட்டத்தை அதட்டினாள். வரிசையில் நில்லுங்க, முண்டினால் குழி சரியும், ஆம்பளைகளுக்கு அந்தப் பக்கம் வேறே தோண்டணும். ரூபி இன்னும் சில குழிகள் தோண்டினாள். பெண்களும் பார்த்துப் பார்த்துத் தோண்டினார்கள். சங்கரநாராயணன் மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து கையால் தோண்டினார். எண்ணெய் தேய்த்த விரல்களுக்கு அழுத்தாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

டன் கணக்கில் தலையில் விழுகிற தண்ணீருக்குப் பழகியவர்கள், அன்றைக்குச் சிரட்டை சிரட்டையாகக் குளித்தார்கள். ஒரு சிரட்டை ஊற்றினால் அடுத்தது ஊறுகிற வரைக்கும் நிற்க வேண்டும். நின்றார்கள். காத்து நிற்பது அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். நல்ல தண்ணீரில் சீயக்காய் நுரைத்தபோது யாரோ குலவையிட்டார்கள். நாசர் வேன் வாசலில் நின்று ஒவ்வொரு ஆளின் முழங்கையையும் விரலால் தேய்த்துப் பார்த்துத்தான் ஏற்றினார். கிங்ஸ்லியை மட்டும் இரண்டு தடவை திருப்பியனுப்பினார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. துறையைத் தாண்டும்போது வடிவம்மாள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஆடு இன்னும் அங்கேதான் நின்றது.

"ஒங்கப்பாவைக் கூடையில தூக்கிட்டுப் போனாங்கன்னியே, அதச் சொல்லு. அப்போ சரியாக் கேக்கல."

ரூபி சொன்னாள். அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, எந்த மேட்டில் ஏறி நின்றார்கள், விடிந்தபோது எந்தெந்த வீடு இல்லை. எதையும் கூட்டவில்லை. கூட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. வேன் முழுக்க ஜன்னல் பக்கம் சாய்ந்து, தண்ணீரில் நிற்கிற அந்தக் கல்தூண்களைப் பார்த்தது. நாசர்கூட இன்ஜினை அணைத்துவிட்டிருந்தார்.

ஆனியில் சாரல் வந்தது. ஐந்தருவிப் பாதையில் வண்டி நகர இடமில்லை. ரூபி கடையில் ரம்புட்டான் சிவப்பாகக் குவிந்து கிடந்தது. இப்போதெல்லாம் சிப்பித்துறையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லுகிறது வடிவம்மாள்தான். அவள் சொல்லும்போது லைட் ஹவுஸ் பழையபடி உயர ஆரம்பித்திருக்கிறது. மணியும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி மறுபடி போர்ச்சுக்கல்லுக்குப் பாதி தூரம் போய்விட்டது. ரூபிதான் தராசைப் பிடித்துக்கொண்டே, யக்கா, கொஞ்சம் கொறைச்சுச் சொல்லுங்க என்பாள்.

போன வாரம் துண்டு வாங்க வந்த ஒரு மதுரைக்காரர் மறித்துப் பேசினார். நானும் அந்தத் தீவுக்குப் போயிருக்கிறேன், கடற்கரையில் தோண்டியும் பார்த்திருக்கிறேன், உப்புத் தண்ணீர்தான் வந்தது, சும்மா கதைவிடாதீர்கள் என்றார்.

வடிவம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். துண்டை மடித்துக் கையில் கொடுத்தாள்.

"ஆழமாத் தோண்டிருப்பீங்க," என்றாள்.